‘ஆளற்ற’ தீவு

சனசந்தடியற்ற தீவொன்றுக்குக் காலையில் சென்று, அலையையும் பறவையையும் கண்டு களித்து, மாலையில் வீடு திரும்புவது இன்று படித்தவர்களின் நாகரிகமாகிவிட்டது. வன்னியின் ஆறுகளோ மாரியிற் பெருகிக் கோடையில் மணலாகிவிடுவன. அவற்றினிடையே தீவு தேடுவது வீண். ஆகவே இயற்கை ரசிகனின் கண் கடலை நோக்குகிறது. அங்கே, கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பிரிவைச் சேர்ந்த இரணைதீவு இருக்கிறது.

பெரியதீவு, சின்னத்தீவு என்னும் இந்த இரட்டைத் தீவுகளின் தனிமையைப் புகழுமுன், அத்தனிமை எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டாமா? 1992ஆம் ஆண்டில் யுத்தம் அம்மக்களைப் பெயர்த்தெறிந்தது. முழங்காவிலை அடுத்து இரணைமாதா நகர் என்றொரு குடியிருப்பை அமைத்து, ஊர்ப்பெயரிற் பாதியையாவது காத்துக்கொண்டார்கள். 2009இல் யுத்தம் முடிந்தது; தீவோ கடற்படையின் பிடியிலேயே கிடந்தது. தீவில் வாழ்ந்த காலத்தில், படகில்லாத பெண்ணும் கரையோரத்து ஆழமற்ற நீரில் இறங்கி நண்டும் கடலட்டையும் பிடித்து உலைக்கு வழி செய்தாள். பெருநிலத்துக்கு வந்தபின் படகும் எஞ்சினும் எண்ணெயும் உள்ளவனுக்கே கடல் என்றாயிற்று. கணவனை இழந்தவளின் கதி என்ன? ‘அமைதியான தீவு’ என்று எழுதும் பேனாக்கள் இதை எழுதுவதில்லை.

2017ஆம் ஆண்டு மே முதலாந் திகதி, தொழிலாளர் தினத்தன்று, அம்மக்கள் போராட்டத்தில் அமர்ந்தார்கள். ஏறத்தாழ ஓராண்டு காலம் மனுவுக்கும் வாக்குறுதிக்கும் குறைவிருக்கவில்லை. 2018 ஏப்ரல் 23இல் சுமார் 40 படகுகளில், வெள்ளைக் கொடிகளைக் கட்டிக்கொண்டு, யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் தம் மண்ணில் இறங்கினார்கள். (வன்னியில் வெள்ளைக் கொடிக்கு வேறொரு நினைவும் உண்டு என்பதை அறியாதவர் அங்கு யாருமில்லர்.) இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அவர்களை எதிர்கொண்டவை தேவாலயமும், கூரையற்ற வீடுகளும், தென்னைகளுமே.

‘ஆளற்றது’ என்ற சொல் எவ்வளவு கொடியதென்பதை 2021 மார்ச்சில் கண்டோம். கொரோனாவால் இறந்த முஸ்லிம் மக்களின் உடல்களைப் பலவந்தமாக எரித்து வந்த அரசாங்கம், ஊரும் உலகமும் கண்டித்த பின்னர் அடக்கத்துக்கு இணங்கியது. இணங்கியதும் சுட்டிய இடம் இரணைதீவு! சனத்தொகை குறைந்த இடம் என்பதே சொல்லப்பட்ட நியாயம். ஆட்களை வெளியேற்றிவிட்டு ஆளில்லை என்று சொல்லும் நியாயம் இது. தீவு மக்கள் எதிர்த்தார்கள். முஸ்லிம்களும் இதை அவமதிப்பென்றே கண்டார்கள். இரு சிறுபான்மையினரை மோதவிடும் முயற்சி பலிக்கவில்லை. அடக்கம் ஓட்டமாவடியில் நடந்தது.

உல்லாசப் பயணியின் கண்ணும் அதிகாரியின் கண்ணும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. இருவருக்கும் தெரிவது வெறுமையே. ஒருவன் அதை அழகென்கிறான், மற்றவன் வசதியென்கிறான். முல்லைத்தீவில் நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கிடமாக வர்த்தமானியில் ஏறியபோதும், அக்களப்பை நம்பி வாழ்வோர் அதன் அழகுக்கு இடையூறாகவே எண்ணப்பட்டார்கள். கொக்குக்கும் நாரைக்கும் நாம் பகைவரல்லர். வலைஞன் காலங்காலமாக அவற்றோடு கூடித்தான் வாழ்ந்திருக்கிறான்.

மாணவரை அழைத்துக்கொண்டு அத்தீவுக்குப் புறப்படும் ஆசிரியர்கள் முதலில் இரணைமாதா நகரில் இறங்கட்டும். ஒரு நாளைய படகோட்டத்துக்கு எவ்வளவு எண்ணெய் செலவாகிறது என்பதைப் பிள்ளைகள் கேட்டுக் கணக்குப் போடட்டும். அங்குள்ள முதிய பெண்களிடம் பறவைகளின் பெயரைக் கேட்டால் சொல்லுவார்கள். தீவில் எந்த வளவு யாருடையது என்பதைக் கேளாமலே சொல்லுவார்கள்.