மூளைக்கும் ஒரு தேகப்பயிற்சி!

சர்க்கரை வியாதி கண்ணைக் கெடுக்கும். காலைக் கெடுக்கும். சிறுநீரகத்தைக் கெடுக்கும். இது எல்லோருக்கும் தெரியும்.

அது மூளையையும் கெடுக்கும். இது பலருக்குத் தெரியாது!

ஹாலந்து நாட்டில் ராட்டர்டாம் என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது. அங்கே 55 வயதைத் தாண்டிய 6,370 பேரை டாக்டர்கள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். 1999-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் அபாயம், மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரிந்தது.

இது எங்கோ சீமையில் இருப்பவர்களின் கவலை அல்ல. இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடிக்கும் அதிகம் என்று 2023-ல் வெளியான கணக்கு சொல்கிறது. தெருவுக்குப் பத்து வீட்டில் இந்த வியாதி இருக்கிறது.

ஏன் கெடுகிறது?

மனிதனின் எடையில் மூளை நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் உடம்பு செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக் கொள்கிறது. ரத்தத்தில் உள்ள சர்க்கரைதான் அதற்கு முக்கியமான சாப்பாடு.

சர்க்கரை கூடிக்கொண்டே இருந்தால், மூளைக்குள் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்கள் நாளடைவில் பழுதாகின்றன. சர்க்கரை ஒரேயடியாக இறங்கினாலோ, மூளை பட்டினி கிடக்கிறது. இரண்டுமே கெடுதல்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவில் சர்க்கரை வியாதி உள்ள 16,667 பேரின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். சர்க்கரை மிகவும் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் அதிகமாக வந்திருந்தது. இந்த ஆராய்ச்சி 2009-ல் வெளியாயிற்று.

இதில் ஒரு விஷச் சுழல் இருக்கிறது.

காலையில் ஊசி போட்டுக் கொண்டது பெரியவருக்கு மறந்துவிடுகிறது. மறுபடியும் போட்டுக் கொள்கிறார். சர்க்கரை இறங்குகிறது. வியர்க்கிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. மூளைக்கு அடி விழுகிறது. மறதி இன்னும் கூடுகிறது. அடுத்த தடவை தவறு இன்னும் எளிதாக நடக்கிறது!

ஆகவே சர்க்கரை வியாதிக்காரருக்கு ஞாபக சக்தி என்பது கெட்டிக்காரத்தனம் பற்றிய விஷயம் அல்ல. உயிர் பற்றிய விஷயம்.

மருந்து மட்டும் போதாதா?

சர்க்கரையை மிகவும் குறைத்து வைத்தால் மூளை தப்பிவிடும் என்று சிலர் நினைத்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறக்குறைய 3,000 பேரிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2011-ல் முடிவு வந்தது. சர்க்கரையைக் கடுமையாகக் குறைத்தவர்கள், மூளைப் பரீட்சையில் மற்றவர்களைவிட அதிகமாகத் தேறவில்லை. அது மட்டுமா? அந்தப் பெரிய ஆராய்ச்சியில் கடுமையான சிகிச்சை பெற்ற பிரிவில் மரணம் கூடியதால், அந்தச் சிகிச்சையை 2008-லேயே நிறுத்தி விட்டார்கள்.

இதனால் மருந்தை நிறுத்திவிடலாம் என்று அர்த்தம் அல்ல. டாக்டர் சொன்ன அளவில் சர்க்கரையை வைத்திருப்பது அவசியம். ஆனால் அதற்கு மேலும் ஏதாவது செய்ய வேண்டும். அந்த 'ஏதாவது' என்ன?

திரையில் ஓடும் கார்

இங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது.

திரையின் நடுவில் ஒரு படம் தோன்றுகிறது. காரா, லாரியா? பார்ப்பதற்குள் மறைந்துவிடுகிறது. அதே நேரத்தில் திரையின் ஓரத்தில் இன்னொரு கார் தோன்றி மறைகிறது. நடுவில் வந்தது எது? ஓரத்தில் வந்தது எங்கே? இரண்டையும் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த படம் இன்னும் வேகமாக மறையும். தவறினால் வேகம் குறையும். ஆளுக்குத் தகுந்தபடி ஆட்டம் மாறுகிறது.

அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேரை ஒரு பெரிய சோதனைக்குச் சேர்த்துக் கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு இந்த வேகப் பயிற்சி. ஒரு பிரிவுக்கு ஞாபகப் பயிற்சி. ஒரு பிரிவுக்கு யோசனைப் பயிற்சி. மற்றொரு பிரிவுக்கு ஒன்றும் இல்லை. பயிற்சி பத்தே தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் அல்லது சற்று அதிகம். சிலருக்குப் பின்னால் சில தடவை கூடுதலாகவும் கொடுத்தார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். வேகப் பயிற்சி பெற்றவர்களுக்கு மறதி நோய் வரும் அபாயம் நூற்றுக்கு 29 பங்கு குறைந்திருந்தது. 2017-ல் இது வெளியாயிற்று. மற்ற இரண்டு பயிற்சிகளுக்கும் அப்படித் திட்டமான பலன் தெரியவில்லை.

நல்ல செய்திதான். ஆனால்...

மயங்கிவிடக் கூடாது!

அந்தச் சோதனை சர்க்கரை வியாதிக்காரர்களுக்காக மட்டும் நடந்தது அல்ல. பொதுவாக எல்லா முதியவர்களையும் வைத்து நடந்தது. சர்க்கரை வியாதி உள்ள முதியவர்களையே வைத்து இஸ்ரேல் நாட்டில் ஒரு சோதனை நடந்தது. 2020-ல் அது வெளியாயிற்று. அதில் கலந்துகொண்டவர்கள் நூறு பேருக்கும் குறைவு. அதை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம். ஒரு விளையாட்டைப் பழகினால் அந்த விளையாட்டில் கை தேறும். அதனாலேயே வீட்டுச் சாவி வைத்த இடம் ஞாபகம் வந்துவிடாது.

வியாபாரிகள் இதைச் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவில் 'லூமாசிட்டி' என்ற பெயரில் மூளை விளையாட்டுகளை விற்ற கம்பெனி, வயதான காலத்து மறதியைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்தது. ஆதாரம் எங்கே என்று அந்நாட்டு அரசாங்கத்தின் வர்த்தகக் கமிஷன் கேட்டது. கடைசியில் 2016-ல் அந்தக் கம்பெனி 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக் கொண்டது.

ஆகவே, "மூன்று மாதத்தில் மறதி போகும்" என்று எவராவது பணம் கேட்டால், பையை இறுக்கிப் பிடித்துக் கொள்வதே புத்திசாலித்தனம்.

பின்லாந்து காட்டிய வழி

பின்லாந்து நாட்டு டாக்டர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். மறதி வரும் அபாயம் அதிகம் உள்ள 60 முதல் 77 வயதுவரை 1,260 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு நல்ல சாப்பாட்டு முறை, தேகப்பயிற்சி, ரத்த அழுத்தம் முதலியவற்றைக் கவனித்தல், இவற்றோடு கம்ப்யூட்டரில் மூளைப் பயிற்சி. மற்றப் பாதிக்கு வெறும் ஆலோசனை. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, முதல் பிரிவினர் மூளைப் பரீட்சையில் நூற்றுக்கு 25 பங்கு அதிகமாக முன்னேறி இருந்தார்கள். 2015-ல் இது வெளியாயிற்று.

இதில் உள்ள பாடம் என்ன? கம்ப்யூட்டர் தனியாக வண்டியை இழுக்காது. நடை, சாப்பாடு, மருந்து ஆகியவற்றோடு சேர்ந்து இழுக்கும். கம்ப்யூட்டர் இல்லாத வீடும் கவலைப்பட வேண்டாம். முதல் மூன்றும் எல்லா வீட்டிலும் முடியும்.

வீட்டார் செய்ய வேண்டியது

பல வீடுகளில் என்ன நடக்கிறது? பெரியவர் மாத்திரையை மறந்தால், "எத்தனை தடவை சொல்வது?" என்று அதட்டுகிறார்கள். "வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டும் தவறு. அது வியாதியின் வேலையாகவும் இருக்கலாம்.

கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்கி வைக்க வேண்டும். ஊசி போட்டதும் காலண்டரில் ஒரு கோடு போடப் பழக்க வேண்டும். காதும் கண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கேட்காத காதும் தெரியாத கண்ணும் மறதி நோய்க்கு வழி விடுகின்றன.

டாக்டர்களுக்கும் ஒரு கடமை உண்டு. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு 65 வயதானால் ஆண்டுதோறும் ஞாபக சக்தியைச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் கூறுகிறது. காலில் புண் இருக்கிறதா என்று பார்க்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் மறதி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். அதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவை இல்லை. பத்து நிமிஷம் போதும்.

பெரியவர் கம்ப்யூட்டரில் பயிற்சி செய்ய விரும்பினால் தடுக்க வேண்டாம். ஆனால் செல்போனைக் கையில் கொடுத்து மூலையில் உட்கார வைத்துவிட்டால் பயன் இல்லை. பேரனோ பேத்தியோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆட்டம் சற்றுக் கடினமாகவே இருக்க வேண்டும். எளிதாகிவிட்டால் மாற்ற வேண்டும்.

முதலில் நடை. பிறகு விளையாட்டு. இந்த வரிசை மாறக் கூடாது.

தாத்தாவின் மறதியைப் பார்த்துச் சிரிப்பது எளிது. அவர் கையைப் பிடித்துக் கொண்டு தெருக்கோடி வரை நடந்து வருவதும் எளிதுதான். இன்று மாலையே தொடங்கலாமே!