யார் வீட்டுத் தண்ணி, யார் தலையில்?

அடுக்குமாடி கட்டுறவன் மழைநீர் வடிகாலில் இணைப்புக் கேட்கிறான். வரைபடம் நீட்டுகிறான், கட்டணம் கட்டுகிறான், அனுமதி வாங்குகிறான். அந்தத் தண்ணி யார் வாசல்ல போய் நிக்கும்?

பள்ளிக்கரணைச் சதுப்பைத் தின்றுதான் பழைய மகாபலிபுரம் சாலைக் கட்டிடங்கள் பலவும் எழுந்தன. 2015 வெள்ளத்தைக் காட்டி அடையாற்றங்கரையிலிருந்து பிடுங்கப்பட்ட நம் சனத்தை அதே சதுப்போரப் பெரும்பாக்கத்தில்தான் கொண்டுபோய்த் தள்ளினார்கள்.

அதோடு முடியவில்லை. மழைநீருக்கு வாங்கிய இணைப்பில் கள்ளத்தனமாக மலத்தையும் விடுகிறார்கள். அடைச்சிக்கிட்டா உள்ளே இறக்குவது நம் ஆளை. பாதுகாப்பின்றிச் சாக்கடையில் இறக்குவதை 2013 சட்டம் தடுக்கிறது. செத்தால் 30 லட்சம் என்றது 2023இல் உச்சநீதிமன்றம். நாம் கேட்பது சவத்துக்கு விலை அல்ல.

தோழர்களே, உங்கள் தெரு வடிகாலில் யார் யாருக்கு இணைப்பு, எதற்கு அனுமதி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பட்டியலைச் சேரிச் சுவரில் ஒட்டுங்கள்.