பிஞ்சுக் கையில் கொடுக்கும் உணவு

குழந்தைக்கு எதை ஊட்டுவது, எப்படி ஊட்டுவது என்பதெல்லாம் பாட்டிமார் பார்த்துக்கொள்ளும் காரியம். கல்லூரி மலரில் அதற்கென்ன இடம் என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். சென்ற ஆண்டு வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரே ஒரு வேர்க்கடலைப் பருப்பு!

விடுமுறைக்கு வந்திருந்த என் அக்காளின் மகனுக்கு அப்போது ஒன்பது மாதம். வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டிருந்த என் தந்தை, ஆசையாய்க் கை நீட்டிய பேரனின் வாயில் ஒரு பருப்பை வைத்தார். சற்று நேரத்தில் குழந்தையின் குரல் நின்றது; முகம் கறுத்தது. "புரையேறிவிட்டது" என்று அம்மா உச்சந்தலையில் தட்டினார். அக்காள் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். கூச்சல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு அம்மையார் ஓய்வுபெற்ற செவிலியர். அவர் குழந்தையைத் தம் முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகில் தட்டினார். பருப்பு வெளியே விழுந்தது. குழந்தை வீறிட்டு அழுத பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான், விலங்கியல் மாணவி. குரல்வளை மூடியைப் படம் வரைந்து பாகங்களைக் குறித்து மதிப்பெண்ணும் வாங்கியவள். அன்று எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். நானோ சிலையாக நின்றேன்.

'இனி ஒரு வயது வரை கரைத்த கூழ்தான்' என்று அன்றே வீட்டில் முடிவு செய்தார்கள். அது சரியான முடிவன்று என்பது என் கருத்து. தாய்ப்பாலோடு பிற உணவை ஆறு மாதம் முடிந்ததும் தொடங்க வேண்டும் என்றும், எட்டு மாதத்தில் பெரும்பாலான குழந்தைகள் கையால் எடுத்து உண்ணும் உணவையும் ஏற்பார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எடுப்பதும், கடிப்பதும், நாவால் புரட்டுவதும் பழகிப் பழகி வருபவை. கூழிலேயே நிறுத்திவிட்டால் அந்தப் பழக்கம் எப்படி வரும்?

குற்றம் கடலையில் இல்லை. கொடுத்த வடிவத்தில்தான் இருக்கிறது. இலண்டனில் நடந்து 2015-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதற்குச் சான்று. ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிகுந்த குழந்தைகளுக்கு, முதல் வயது முடியும் முன்பே வேர்க்கடலை கலந்த உணவைக் கொடுத்துவந்தபோது, பின்னாளில் கடலை ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. ஆனால் அவர்களுக்குக் கொடுத்தது முழுப் பருப்பன்று. விழுதாகவும் வாயில் கரையும் பண்டமாகவும்தான் கொடுத்தார்கள். (கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்ட பின்னரே கடலையைத் தொடங்க வேண்டும்.)

முழுப் பருப்பு ஏன் ஆகாது? அரைக்கும் கடைவாய்ப் பற்கள் ஒரு வயதுக்குப் பின்னரே முளைக்கின்றன. முன்பல் கடித்துத் துண்டாக்கும், அரைக்காது. குழந்தையின் மூச்சுக் குழலோ அதன் சுண்டுவிரல் பருமன்தான். உருண்டையும் கடினமுமான பொருள் அங்கே தக்கை போல அடைத்துக்கொள்கிறது. எனவே கடலை, பொட்டுக்கடலை, சுண்டல், முழுத் திராட்சை, பச்சைக் கேரட், சோளப்பொரி, கொட்டை எடுக்காத சீத்தாப்பழம் ஆகியவை கூடவே கூடா.

கொடுக்கத் தக்கவை நம் அடுப்படியிலேயே உண்டு. பரங்கிக்காய், கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றை நம் விரல் நீளத்துக்கு நறுக்கி, குழைய வேகவைக்கலாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து லேசாக அழுத்தினால் நசுங்க வேண்டும்; அதுவே பதம். பொடிப்பொடியாய் நறுக்குவதைவிட நீளத் துண்டே நல்லது. எட்டு மாதக் குழந்தை உள்ளங்கையால்தான் பற்றும். இரு விரலால் கிள்ளி எடுப்பது பின்னரே வரும். மெத்தென்ற இட்லித் துண்டு, கனிந்த வாழைப்பழம், நன்கு வெந்த முட்டை ஆகியவையும் ஆகும். திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீற வேண்டும். முதல் வயதில் உப்பும் சர்க்கரையும் வேண்டா. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்து பச்சிளங் குழந்தைக்கு நஞ்சாகலாம் என்பதால், சேனை தொட்டு வைப்பதற்குக்கூடத் தேன் ஆகாது.

கொடுக்கும் முறையும் முக்கியம். தலை நிமிர்ந்து, தாங்கலோடு உட்காரும் குழந்தைக்கே இவ்வுணவு. இடுப்பில் தூக்கிக்கொண்டு நிலாக் காட்டிச் சோறூட்டியது அந்தக் காலம். கைப்பேசி காட்டி ஊட்டுவது இந்தக் காலம். இரண்டிலும் குழந்தையின் கவனம் வாயில் இல்லை. உட்கார வைத்து, எதிரே நாமும் உட்கார வேண்டும். அழும்போதும் சிரிக்கும்போதும் ஊட்டலாகாது.

குழந்தை குமட்டினால் பதற வேண்டாம். இருமினால் இருமவிட வேண்டும். சத்தமே எழாமல் முகம் நீலம் பாரித்தால்தான் ஆபத்து. அப்போது தலை தாழக் குப்புறக் கிடத்தி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. பின் மல்லாத்தி, நெஞ்சின் நடுவே ஐந்து அழுத்தம். அடைப்பு விலகும்வரை இவற்றை மாறி மாறிச் செய்ய, மற்றொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். நினைவு தப்பினால் உடனே உயிர்மீட்பு முதலுதவி தேவை. கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி விரலை விட்டால் அது இன்னும் ஆழமாய் இறங்கிவிடும். உச்சியில் தட்டுவதால் பயனில்லை.

இவற்றை எழுத்தில் படித்தால் மட்டும் கை வராது. ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு பிற்பகலை ஒதுக்கி, ஒரு பொம்மையை வைத்து இப்பயிற்சியை அளிக்கச் செய்யுங்கள். மாணவியர்க்கு மட்டுமன்று, மாணவர்களுக்கும்தான். கடலையைக் கொடுத்தது அம்மாவா? அப்பா அல்லவா!

என் தந்தை அதன் பிறகு பல நாள் பேரனைத் தூக்கவே அஞ்சினார். அவரிடம் அன்புக்குக் குறைவில்லை. சொல்லித்தர ஆள் இல்லை. சொல்ல வேண்டியவள் நான். வீட்டுக்கு வீடு முதன்முதலாய்ப் படிக்க வந்திருக்கும் நாம், படித்ததை விடைத்தாளிலேயே விட்டுவிட்டு வரலாமா, நண்பர்களே?