777 போட்டா சரியாயிடும்னு சொல்லாதீங்க மக்களே!

சர்வர்ல வேர்ட்பிரஸ்ஸோ ஜூம்லாவோ நிறுவும்போது, "பெர்மிஷன் டினைட்"னு ஒரு வரி வந்து நிக்கும். தேடினா பத்துல எட்டு பேர் சொல்ற கை வைத்தியம் ஒண்ணுதான்: "777 போடுங்க தல, ஓடும்." ஓடும்தான். பூட்டு மக்கர் பண்ணுதுன்னு கதவையே கழட்டி வச்சாலும் வீட்டுக்குள்ள போகலாம்தான் :-) இந்த யோசனையைத் தமிழ்ல இனி யாரும் எழுதக்கூடாதுங்கறது என் கட்சி.

யுனிக்ஸ் கணக்கு ரொம்ப எளிது. ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, மத்தவங்கன்னு மூணு வட்டம். எங்க பாகாயத்துப் பாஷையில வீட்டுக்காரர், குடும்பத்தார், தெருவுல போறவங்க. படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினா 7. ஆக 777ன்னா அந்த சர்வர்ல கணக்கு இருக்கற யார் வேணும்னாலும் உங்க கோப்பைத் திருத்தலாம். கோப்புக்கு 644, அடைவுக்கு 755 பொதுவா போதும். அடைவுல அந்த 1க்கு அர்த்தம் உள்ள நுழையற உரிமை. மேல் அடைவு ஒண்ணுல அது இல்லேன்னா, உள்ள எத்தனை 777 போட்டாலும் எர்ரர் போகாது.

சரி, எர்ரர் ஏன் வருது? நீங்க எஃப்டிபி வழியா உங்க பேர்ல கோப்பை ஏத்தறீங்க. அதுல எழுத வர்ற பிஎச்பி வேற பேர்ல ஓடுது. உபுண்டுல அந்த ஆளு வழக்கமா "டபிள்யூ டபிள்யூ டபிள்யூ-டேட்டா", ரெட்ஹேட் வகையறாவுல "அப்பாச்சி". சொந்தக்காரர் ஒருத்தர், எழுத வர்றவர் இன்னொருத்தர். அதனால முதல்ல பாக்க வேண்டியது யார் பேர்ல ஓடுதுன்னுதான். "எல்எஸ் -எல்" கட்டளை கோப்பு யார் பேர்ல இருக்குன்னு காட்டும், "பிஎஸ்" பிஎச்பி யார் பேர்ல ஓடுதுன்னு காட்டும். அப்புறம் "சிஎச்ஓன்" போட்டு, படம் ஏத்தற அடைவை மட்டும் அந்த ஆளுக்குக் கொடுங்க. மொத்தத் தளத்தையும் எழுதிக் கொடுத்துட்டா, ஏதோ ஒரு ப்ளகின்ல ஓட்டை இருந்தாலும் எல்லாக் கோப்பும் காலி. இன்னொரு வேடிக்கை: பிஎச்பி உங்க பேர்லயே ஓடற சில ஹோஸ்டிங்ல 777 கோப்பைப் பாத்தாலே இயக்க மறுத்து 500 எர்ரர் காட்டும்!

"என் சின்னத் தளத்தை யாரு சீண்டப் போறா?"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு பழைய கதை. 2010 ஏப்ரல்ல அமெரிக்காவுல நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனத்தோட சர்வர்கள்ல இருந்த வேர்ட்பிரஸ் தளங்கள் வரிசையா தாக்கப்பட்டுச்சு. ஒரே சர்வர்ல இருந்தவங்க ஒருத்தர் கான்ஃபிக் கோப்பை இன்னொருத்தர் படிக்க முடிஞ்சதுதான் காரணம். டேட்டாபேஸ் கடவுச்சொல் அந்தக் கோப்புல அப்பட்டமா இருக்கும். வேர்ட்பிரஸ்ஸைத் தொடங்கினவர்கள்ல ஒருத்தரான மேட் முல்லன்வெக், கோப்பு உரிமைகளைப் பத்தி அப்போ தனியா ஒரு பதிவே போட்டார். கவனிங்க, அங்க எழுதற உரிமைகூட வேண்டியிருக்கல. படிக்கற உரிமையே போதுமா இருந்துச்சு. அதனால பகிர்வு ஹோஸ்டிங்ல இருக்கறவங்க கான்ஃபிக் கோப்புக்கு 600 இல்ல 640 வைங்க.

நம்மாளுங்க பலரோட பத்துப் பதினைஞ்சு வருஷ எழுத்து ஒரே ஒரு டேட்டாபேஸ்ல கிடக்கு. ஊர்க்கதை, சமையல், சினிமா சண்டை, செத்துப்போன நண்பர்களோட பின்னூட்டம்னு எல்லாம் அதுலதான். பேக்கப் இல்லேன்னா போனது போனதுதான். அஞ்சு நிமிஷ அவசரத்துக்கு இதையெல்லாம் பணயம் வைக்கணுமா? சொல்லிக் கொடுக்கறவங்களுக்கு இன்னும் பொறுப்பு அதிகம். நம்ம ஒரு வரியை நம்பி நூறு பேர் கதவைத் திறந்து வைப்பாங்க.

பி.கு: ரெட்ஹேட் வகை சர்வர்ல உரிமையாளர், எண் ரெண்டும் சரியா இருந்தும் எர்ரர் போகலையா? எஸ்இலினக்ஸ் தடுக்குதான்னு பாருங்க. அதையும் அணைச்சு வைக்காதீங்க சாமி!