ரெண்டு வாரம் போய்ட்டு வர்றேன்னு போனவர்

ஜார்ஜ் மிகேஷ்னு ஒரு எழுத்தாளர். வோட்ஹவுஸை உருகி உருகிப் படிக்கிற நண்பர்களிடம் கேட்டால்கூட 'யாருப்பா அது?' என்கிறார்கள். (ஆங்கில எழுத்தைப் பார்த்து 'மைக்ஸ்' என்று படித்துவிடாதீர்கள். ஹங்கேரிக்காரர், மிகேஷ்தான்.)

1912-ல் ஹங்கேரியில் பிறந்தார். புடாபெஸ்டில் படித்து, பத்திரிகையாளர் ஆனார். 1938-ல் மியூனிக் நெருக்கடி பற்றி எழுதுவதற்காக அவரை லண்டனுக்கு அனுப்பினார்கள். ரெண்டே ரெண்டு வாரம்தான் ஏற்பாடு. போனவர் போனவர்தான்! 1987-ல் இறக்கும்வரை லண்டன்வாசி.

கேட்க ஜோக் மாதிரிதான் இருக்கு. ஆனால் மிகேஷ் யூதர். 1944-ல் சில வாரங்களுக்குள் ஹங்கேரியிலிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை ரயிலேற்றி நாடு கடத்தினார்கள். பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ். அந்த ரெண்டு வாரம் நீளாமல் போயிருந்தால்? அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை.

லண்டனில் பிபிசியின் ஹங்கேரியப் பிரிவில் வேலை பார்த்தார். 1945-ல் அவர் எழுதிய முதல் ஆங்கிலப் புத்தகம் போர்க்கைதி முகாம் வாழ்க்கை பற்றியது. அதில் ஆங்காங்கே நகைச்சுவை நன்றாக இருக்கிறது என்று விமர்சனம் வந்ததாம். அட, அப்படியா என்று 1946-ல் எழுதியதுதான் 'ஹவ் டு பி அன் ஏலியன்'. வானிலைப் பேச்சு, டீ, க்யூ என்று ஆங்கிலேயர்களின் அத்தனை பழக்கங்களையும் வாரியிருப்பார். தாம்பத்தியம் பற்றிய அத்தியாயம் ஒரே ஒரு வாக்கியம்தான். அவ்வளவுதான் விஷயமாம் :-) ஆங்கிலேயர்கள் கொதித்து எழுவார்கள் என்று எதிர்பார்த்தார். அவர்களோ விழுந்து விழுந்து சிரித்து, வாங்கித் தள்ளினார்கள். அதே 1946-ல் அவருக்கு பிரிட்டிஷ் குடியுரிமையும் கிடைத்தது.

இது ஆங்கிலேயர்களைக் கிண்டலடிக்கிற புத்தகம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தலைப்பைக் கவனியுங்கள், 'ஆங்கிலேயன் ஆவது எப்படி' என்று வைக்கவில்லை, 'அந்நியனாக இருப்பது எப்படி' என்றுதான் வைத்தார். பிரிட்டிஷ் பிரஜை ஆகலாம், ஆங்கிலேயன் மட்டும் ஆகவே முடியாது என்பதுதான் புத்தகத்தின் அடிநாதம். அடிவாங்குகிற காமெடியன் உண்மையில் அந்த வந்தேறிதான். எவ்வளவு பார்த்துப் பார்த்துப் பழகினாலும், வாயைத் திறந்தால் உச்சரிப்பு காட்டிக்கொடுத்துவிடும். அந்த வலியை அழுது எழுதியிருந்தால் யாரும் படித்திருக்க மாட்டார்கள். சிரித்து எழுதினார், வீட்டுக்காரனே படித்தான்.

பிற்பாடு அமெரிக்கா, இத்தாலி, இஸ்ரேல், ஜப்பான் என்று பல நாடுகளைப் பற்றியும் எழுதினார். என்னைக் கேட்டால் அவை ஒரு மாற்று கம்மிதான். அங்கெல்லாம் அவர் விருந்தாளி. இங்கிலாந்தில்தான் வாடகை கொடுத்தார், க்யூவில் நின்றார், பயந்தார், காதலித்தார். ஒரு ஊரைக் கிண்டல் பண்ண அங்கே கொஞ்ச காலம் அவதிப்பட்டிருக்க வேண்டும் போல.

எங்கே சிரிக்கக் கூடாது என்பதும் மனிதருக்குத் தெரிந்திருந்தது. 1956 ஹங்கேரியப் புரட்சியின்போது பிபிசிக்காக அங்கே போய்வந்தார். அதைப் பற்றி ஒரு புத்தகம், பிறகு அங்கிருந்த ரகசிய போலீஸ் பற்றி இன்னொன்று. கோமாளித் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதியவை.

இந்தக் கதையில் பாதிப் பெருமை ஆங்கிலேயர்களுக்கும் போக வேண்டும். யோசித்துப் பாருங்கள். போர் முடிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருக்கு, நாட்டில் ரேஷன். நேற்று வந்த ஒரு வெளிநாட்டுக்காரர், அவர்கள் மொழியிலேயே அவர்களைக் கிண்டலடிக்கிறார். 'பிடிக்கலைன்னா உன் ஊருக்குப் போ' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன்மேல் நம்பிக்கை இருக்கிற சமூகத்தால்தான் அப்படிச் சிரிக்க முடியும். பயந்துபோன சமூகம் முதலில் மனம் புண்படும், அப்புறம் யார் எந்த ஊர் என்று விசாரிக்கும். ஒரு நாடு எந்த நிலைமையில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? வெளியூர்க்காரன் சொல்லும் ஜோக்குக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்று பார்த்தால் போதும்.

ரொம்பச் சின்னப் புத்தகம்தான். நிக்கலஸ் பென்ட்லியின் படங்களோடு எங்காவது பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.