பூவைப் பார்த்து விலை பேசலாமா?

மாமரம் பூத்ததும் வியாபாரி வருவார். தோப்பைச் சுற்றிப் பார்ப்பார். குத்தகை பேசுவார்.

நாகரசம்பட்டி, போச்சம்பள்ளி பக்கத்தில் இது சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

பூத்ததெல்லாம் பிஞ்சு ஆவதில்லை. பிஞ்சு எல்லாம் பழம் ஆவதில்லை. காற்று அடிக்கும். பூச்சி விழும். ஆகவே கெட்டிக்கார வியாபாரி பூவை மட்டும் பார்க்கமாட்டார். மரத்தின் வயதைப் பார்ப்பார். மண்ணைப் பார்ப்பார். போன வருடம் நன்றாகக் காய்த்த மரமா என்று கேட்பார். ஒரு வருடம் அள்ளிக் கொடுத்த மாமரம் மறு வருடம் கையை விரிப்பது உண்டு.

இப்போது வாலிபர்களின் ஆட்டத்துக்கும் இப்படி விலை பேசுகிறார்கள். சடுகுடு ஆட்டத்துக்குத்தான்! கபடி என்றாலும் சடுகுடு என்றாலும் ஒன்றுதான்.

ஆனால், மாந்தோப்பு வியாபாரியிடம் இருக்கும் நிதானம் இங்கே இருக்கிறதா?

லட்சத்தில் இருந்து கோடிக்கு

2014-ம் ஆண்டில் புரோ கபடி லீக் போட்டி தொடங்கியது. முதல் ஏலத்தில் அதிக விலைக்குப் போனவர் ராகேஷ்குமார். பாட்னா அணி அவரை 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தது. "சடுகுடு ஆடுகிறவனுக்கு இவ்வளவு பணமா?" என்று அன்று ஊரே வாயைப் பிளந்தது.

2018-ல் விலை ஒரு கோடியைத் தாண்டியது. 2023-ல் பவன் செராவத் என்ற வீரரை தெலுங்கு டைட்டன்ஸ் அணி 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தது.

கல்லூரி மாணவர்களுக்கும் வழி திறந்தது. 2022-ல் பெங்களூரில் பல்கலைக்கழகங்களுக்கான கேலோ இந்தியா போட்டி நடந்தது. அதில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த கபடி அணிகளில் இருந்து 24 பேர் அந்த வருட ஏலப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

பெங்களூர் எங்கோ இருக்கும் ஊர் அல்ல. நாகரசம்பட்டியில் காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். ஆகவே இந்தப் பக்கத்து வாலிபர்களுக்கும் ஆசை வருவது இயற்கை. பொங்கல் விளையாட்டில் நாலு பேரைத் தொட்டுவிட்டு வந்த பையனைப் பார்த்து, "அடுத்த வருடம் ஏலத்தில் நீதான்!" என்று நண்பர்கள் முதுகில் தட்டுகிறார்கள்.

அது உண்மையா, வெறும் புகழ்ச்சியா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு பையன் எத்தனை புள்ளி எடுத்தான் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அது அரைக் கேள்வி. எத்தனை முறை அகப்பட்டுக்கொண்டான் என்பது மீதிக் கேள்வி.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். முதல் பையன் 20 முறை பாடிப் போகிறான். 10 புள்ளி எடுக்கிறான். 8 முறை பிடிபடுகிறான். இரண்டாவது பையன் 15 முறை போகிறான். 8 புள்ளி எடுக்கிறான். 2 முறைதான் பிடிபடுகிறான்.

கைதட்டல் யாருக்கு? 10 எடுத்தவனுக்கு! ஆனால் அவன் பிடிபட்ட ஒவ்வொரு முறையும் எதிரிக்கு ஒரு புள்ளி போய்விட்டது. 10-ல் 8 போனால் மிச்சம் 2. இரண்டாவது பையனுக்கு 8-ல் 2 போனால் மிச்சம் 6. அதோடு, பிடிபட்டவன் வெளியே போய் உட்கார வேண்டும். நல்ல ஆட்டக்காரன் வெளியே உட்கார்ந்தால் அணி என்ன செய்யும்?

புள்ளி எப்படி வந்தது என்பதும் முக்கியம்.

எதிர்ப் பக்கம் 6 பேரோ 7 பேரோ நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் ஒரு புள்ளி உண்டு. அதுவும் திறமைதான். ஆனால் போனஸ் புள்ளியால், வெளியே உட்கார்ந்திருக்கும் கூட்டாளி உள்ளே வர முடியாது. எதிரியைத் தொட்டு அவுட் ஆக்கினால்தான் கூட்டாளிக்கு உயிர் வரும். ஆகவே போனஸ் மட்டுமே எடுக்கிறவன் வேறு. ஆளைத் தொட்டு வருகிறவன் வேறு.

இன்னொரு சோதனையும் உண்டு. ஓர் அணி அடுத்தடுத்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது முறை போகிறவன் புள்ளி எடுத்தே தீரவேண்டும். இல்லாவிட்டால் அவன் அவுட். 'செய் அல்லது செத்து மடி' என்ற கட்டம் அது. கையில் இருப்பது 30 விநாடி. எதிரிகளுக்கும் அது தெரியும். பொறி வைத்துக் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் பதறாமல் போய் வருகிறவன்தான் விலை போகக்கூடியவன்.

யாரோடு ஆடினான்?

பக்கத்து ஊர் அணியில் ஏழு பேரில் நாலு பேர் கட்டாந்தரையில் விழவே பயப்படுவார்கள். அவர்களிடம் 15 புள்ளி எடுப்பது பெரிய காரியம் அல்ல. ஒரே மனிதராகச் சேர்ந்து பாயப் பழகிய அணியிடம் 5 புள்ளி எடுத்தாலும் அது பெரிது.

தரையும் வேறு. ஊரில் மண் தரை. வெறுங்கால். அங்கே ரப்பர் விரிப்பு. காலில் ஷூ. மண்ணில் கால் வழுக்கிக் கொடுக்கும். விரிப்பில் கால் பிடித்துக்கொள்ளும். சட்டென்று திரும்பினால் முழங்கால் மாட்டிக்கொள்ளும். மண்ணில் சூரனாக இருந்தவன் விரிப்பில் முதல் ஆறு மாதம் திணறுவது உண்டு.

வித்தை எத்தனை வைத்திருக்கிறான் என்றும் பார்க்கவேண்டும். ஒருவன் எப்போதும் இடது பக்கமே போவான். கையை நீட்டித் தொட்டுவிட்டு ஓடிவருவான். கல்லூரிப் போட்டியில் அது போதும். பெரிய போட்டியில் எதிர் அணிக்காரர்கள் அவன் ஆட்டத்தைப் படம் எடுத்துப் பத்து முறை போட்டுப் பார்ப்பார்கள். பதினோராவது முறை அவன் காலைப் பிடித்துவிடுவார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதை

அமெரிக்காவில் ஒரு கால்பந்து ஆட்டம் உண்டு. பெயர்தான் கால்பந்து. பந்தைக் கையில் வைத்துத்தான் ஆடுவார்கள். ஒருவன் பின்னால் நின்று பந்தை எறிவான். அவனுக்குக் காவலாக ஆட்கள் சுவர்போல் நிற்பார்கள். அந்தச் சுவரை உடைத்துக்கொண்டு போய் அவனை வீழ்த்துவது ஒரு வீரனின் வேலை. சடுகுடுவில் பாடிப் போகிறவனைப்போல, எதிரிக் கூட்டத்துக்குள் நுழைகிறவன் இவன்.

அங்கே ஒவ்வொரு வருடமும் கல்லூரி வீரர்களை வரிசைப்படி பொறுக்கி எடுக்கிறார்கள். அதற்கு முன் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். எடை தூக்கச் சொல்கிறார்கள். கடிகாரம் வைத்து அளக்கிறார்கள்.

2008-ல் வெர்னான் கோல்ஸ்டன் என்ற வாலிபரை நியூயார்க் ஜெட்ஸ் அணி ஆறாவது ஆளாக எடுத்தது. முந்திய வருடம் கல்லூரி ஆட்டங்களில் அவர் 14 முறை பந்து எறிபவனை வீழ்த்தியவர். வேகம் உண்டு. பலம் உண்டு. ஆனால் அந்த அணியில் இருந்த மூன்று வருடத்தில் அவர் ஒரு முறைகூட வீழ்த்தவில்லை!

2019-ல் மாக்ஸ் கிராஸ்பி என்ற வாலிபர் வந்தார். அவ்வளவாகப் பெயர் இல்லாத பல்கலைக்கழகத்தில் படித்தவர். 105 பேரை எடுத்த பிறகுதான் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். முதல் வருடமே அவர் 10 முறை வீழ்த்தினார்.

கோடிக்கணக்கில் செலவழித்து, கருவி வைத்து அளக்கிறவர்களே இப்படி ஏமாறுகிறார்கள். அளக்க முடிந்தது உடம்பு. அளக்க முடியாதது உள்ளே இருந்தது.

விலை வேறு, தரம் வேறு

தமிழ்நாட்டுக்கு வருவோம்.

2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அந்த வருடத்தின் மிகப் பெரிய விலை அதுதான். முதல் ஆட்டம் பெங்களூரில் நடந்தது. எதிரியைப் பிடிக்கப் போனபோது பவனுக்கு முழங்காலில் அடிபட்டது. தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த வருடம் முழுவதும் அவர் ஆடவில்லை.

அணி மூழ்கிவிட்டதா? இல்லை! நரேந்தர் என்ற அரியானா வாலிபர் எழுந்தார். புரோ கபடியில் அவருக்கு அதுதான் முதல் வருடம். கோடி ரூபாய் பேச்சு எதுவும் அவரைச் சுற்றி இல்லை. அவர் எடுத்த புள்ளிகள் 243. தமிழ் தலைவாஸ் முதல் தடவையாக அரை இறுதிக்குப் போனது.

பர்தீப் நர்வால் கதை இன்னும் பெரியது. எதிரிகளின் கைக்குக் கீழே குனிந்து, மூழ்கி எழுவதுபோல் வெளியே வருவதில் அவர் மன்னர். 2017-ல் ஒரே வருடத்தில் 369 புள்ளி எடுத்தார். 2021-ல் அவருக்கு விலை 1 கோடியே 65 லட்சம். 2024-ல் 70 லட்சம். 2025 ஏலத்தில் அவரை எடுக்க ஆள் இல்லை. ஓய்வு பெறுவதாக அறிவித்துவிட்டார். புரோ கபடியில் மொத்தம் 1,801 புள்ளி எடுத்த மனிதர் அவர்!

ஏலத்தில் சொல்லப்படும் தொகை, அந்த ஒரு நாளில் அணிகளின் பையில் எவ்வளவு பணம் இருந்தது, யாருக்கு எந்த ஆள் அவசரமாகத் தேவைப்பட்டது என்பதைக் காட்டும். பையனின் முழு மதிப்பை அது காட்டாது.

தஞ்சை மாவட்டத்துச் சேரலாதன் என்ன ஆனார்? 40 வயதைத் தாண்டியவர். 2016-ல் பாட்னா அணிக்குத் தலைவராக நின்று கோப்பையை வாங்கினார். பிடி சரியாக இருந்தது. புத்தி சரியாக இருந்தது. வயதை யாரும் கேட்கவில்லை.

பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

பையன் நன்றாக ஆடுகிறான் என்றால் தடுக்கவேண்டாம். "சடுகுடு சோறு போடுமா?" என்று கேட்ட காலம் போய்விட்டது. 1990-ல் பீஜிங் ஆசிய விளையாட்டில் கபடி சேர்க்கப்பட்டது முதல், தமிழ்நாட்டு வீரர்கள் பலர் தங்கப் பதக்கத்தோடு ஊர் திரும்பியிருக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994-ல் ஹிரோஷிமா போய்த் தங்கம் வாங்கி வந்தார்.

ஆனால் ஏலத்தை நம்பிப் படிப்பை விடச் சொல்லக்கூடாது. கணக்கு சுலபமானது. 2022 ஏலப் பட்டியலில் 500-க்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. அணிகள் 12. பெயர் பட்டியலில் இருந்தால் பணம் வந்துவிடாது. எடுத்தால்தான் பணம்.

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டாமா? இளமை போனால் வருமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தூற்றிக்கொள்ளட்டும். ஆனால் களத்தில் இருக்கும் நெல்லையும் சேர்த்துக் காற்றில் விட வேண்டாம். கல்லூரியில் இருந்துகொண்டே ஆடினால் இரண்டும் கிடைக்கும். பல்கலைக்கழக அணியில் ஆடினவனுக்கு ரயில்வே, போலீஸ், ராணுவம் என்று வேலைக்கு வழி உண்டு. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும் சான்றிதழ் வேண்டும். படிப்பு வேண்டும்.

ஓசூரில் தொழிற்சாலை வேலை கிடைத்த பையனுக்கும் இதுதான் யோசனை. வேலையை விட்டுவிட்டு ஏலத்துக்குக் காத்திருக்கக்கூடாது. ஓய்வு நேரத்தில் பயிற்சி செய்யலாம். மாவட்ட அணியிலும் மாநில அணியிலும் இடம் பிடித்த பிறகு அடுத்ததை யோசிக்கலாம்.

"பணம் கட்டுங்கள், அணியில் சேர்த்துவிடுகிறேன்" என்று யாராவது வந்தால், வாசலோடு அனுப்பிவிட வேண்டும். திறமையைத் தேடுகிறவன் பணம் கொடுத்துத்தான் கூப்பிடுவான். பணம் கேட்க மாட்டான்.

முழங்காலையும் தோளையும் வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். வலியை மறைத்துக்கொண்டு ஆடுவது வீரம் அல்ல. இரண்டு கோடி ரூபாய் வீரருக்கு அடிபட்டால் பார்த்துக்கொள்ள ஓர் அணி இருக்கிறது. ஊர்ப் பையனுக்கு அவன் அம்மாதான் இருக்கிறார்.

அணிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை

ஆள் பொறுக்க வருகிறவர்கள் செல்போன் படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. படத்தில் தொட்டது இருக்கும். பிடிபட்டது இருக்காது! வெட்டி ஒட்டி அனுப்புகிறார்கள்.

நேரில் வரவேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் கல்லூரி மைதானங்களில் ஒரு முழு ஆட்டம், 40 நிமிடமும், உட்கார்ந்து பார்க்கவேண்டும். பையன் பிடிபட்ட பிறகு என்ன செய்கிறான் என்று பார்க்கவேண்டும். கோபத்தில் மண்ணை உதைக்கிறானா? கூட்டாளியைத் திட்டுகிறானா? அல்லது வெளியே உட்கார்ந்தபடியே, "இடது மூலையைக் கவனி!" என்று குரல் கொடுக்கிறானா?

குரல் கொடுக்கிறவனின் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பையன் இன்று 5 புள்ளிதான் எடுத்திருக்கலாம். இரண்டு வருடம் கழித்து, அணி தோற்கப்போகிற கடைசி நிமிடத்தில், அவனைத்தான் பாடிப் போகச் சொல்வார்கள்.