ஏ.சி வாங்குறதுக்கு முன்னாடி சுவரைத் தொட்டுப் பாருங்க

ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல 'காம்போசிட் வால்' கணக்கு போடாம யாரும் மெக்கானிக்கல் முடிச்சிருக்க மாட்டீங்க. மூணு அடுக்கு சுவர், மூணு கே வேல்யூ, வெளிய இத்தனை டிகிரி, உள்ள இத்தனை டிகிரி, க்யூ கண்டுபிடி. நானும் போட்டேன், மார்க்கும் வாங்கினேன். ஆனா அந்தச் சுவர் எங்க வீட்டுலயே நிக்குதுன்னு எனக்கு உறைச்சது போன லீவுலதான்.

மதுரையில எங்க வீடு தாத்தா கட்டினது. ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர். மேல் மாடியில வேற குடும்பம் இருக்காங்க, அதனால மொட்டை மாடி வெயில் எங்களுக்கு நேரா இறங்காது. அப்பத்தா அறை மட்டும் மேற்குப் பக்கம். ஏப்ரல், மே வந்தா ராத்திரி பத்து மணிக்கும் அந்தச் சுவர்ல கை வைக்க முடியாது. "சுவத்துக்குக் காய்ச்சல்டா" என்று சொல்லிட்டு அப்பத்தா பாயை ஹாலுக்கு எடுத்துட்டு வந்துடுவாங்க. அப்பா இ.எம்.ஐ-ல ஒரு ஏ.சி மாட்டினார். கரண்ட் பில் பயத்துல அப்பத்தா அதை அரை மணி நேரத்துல அணைச்சுடுவாங்க. திரும்பவும் பாய், திரும்பவும் ஹால்.

இப்போ அந்தக் கணக்கை இங்க போடுவோம். இரண்டு பக்கமும் பூசின ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரோட யூ வேல்யூ சுமார் 2. சுவர் 11 சதுர மீட்டர், வெளிப்பக்கம் 50 டிகிரி, அறை 28 டிகிரி என்று வெச்சுக்கங்க. உள்ள வர்றது ஏறக்குறைய 480 வாட். பழைய 100 வாட் குண்டு பல்பு அஞ்சை அப்பத்தா அறையில எரிய விட்ட மாதிரி. அந்தச் சுவர்மேல 50 மில்லிமீட்டர் தெர்மாகோல் பலகை சேர்த்தா யூ வேல்யூ சுமார் 0.5 ஆகும். அஞ்சு பல்பு, ஒண்ணேகால் பல்பா குறையுது. இது தோராயமான கணக்குதான். நிஜத்துல செங்கல் மத்தியான வெயிலைக் குடிச்சு வெச்சுக்கிட்டு, சில மணி நேரம் கழிச்சுத்தான் உள்ள தள்ளும். அதாவது சரியா நாம படுக்கப் போற நேரத்துல.

உடனே கடைக்கு ஓடி தெர்மாகோல் வாங்கி உள்பக்கம் ஒட்டிடாதீங்க. இங்கிலாந்து வீடியோக்கள்ல சுவருக்குள்ள பஞ்சு மாதிரி எதையோ ஊதி நிரப்புவாங்க. அங்க பல வீடுகள்ல சுவர் இரண்டு அடுக்கு, நடுவுல இடைவெளி இருக்கு. நம்ம பழைய சுவர் முழுக்கச் செங்கல், ஊதுறதுக்கு இடமே இல்ல. நம்ம ஊர் வெயிலுக்கு வெளிப்பக்கம் போர்த்துறதுதான் நல்லது. அப்பதான் செங்கல் சூடாகவே ஆகாது. சும்மா விட்ட தெர்மாகோல் தீப்பிடிக்கும், அதனால மேல வலை வெச்சுப் பூசியே ஆகணும். சுவர்ல ஓதம் ஏறி உப்பு பூத்திருந்தா முதல்ல அதைச் சரி பண்ணணும், மூடி மறைக்கக் கூடாது.

அதுக்கும் முன்னாடி செய்யக்கூடிய மலிவான வேலை இருக்கு. மேற்குச் சுவருக்கு வெள்ளை அடிக்கலாம். சுவரை விட்டு ஒரு அடி தள்ளிப் பச்சை நிழல்வலை கட்டலாம். ராத்திரி ஜன்னலைத் திறந்து வைக்கலாம். நிழல், அப்புறம் இன்சுலேஷன், கடைசியாத்தான் ஏ.சி. நாம எல்லாரும் இதைத் தலைகீழா செய்றோம். ஏன்னா ஏ.சி-க்கு ஷோரூம் இருக்கு, இ.எம்.ஐ இருக்கு, சாயந்தரம் போனா ராத்திரிக்குள்ள வாங்கிட்டு வந்துடலாம். சுவருக்கு இதெல்லாம் யார் தர்றா?

அரசாங்கமும் பழைய சுவரைப் பார்க்கல என்பதுதான் என் கோபம். 2018-ல வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா, சுவர், ஜன்னல் வழியா வர்ற வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று ஒரு வரம்பு வெச்சுது. நல்ல விஷயம்தான். ஆனா அது புதுசா கட்டுற குடியிருப்புகளுக்கு. ஏற்கெனவே நிக்கிற வீடுகள்ல இருக்கிறவங்க? அதுலயும் வாடகைக்கு இருக்கிறவங்க? சுவர் ஓனருடையது, கரண்ட் பில் இவங்களுடையது. பில் கட்டாத ஓனர் எதுக்குச் சுவர்ல பணம் போடணும்? ஏ.சி வாங்கக் கடன் கிடைக்கிற மாதிரி, பழைய சுவரைப் போர்த்தவும் ஒரு மலிவான கடன் வேணும் என்று நாம கேட்கணும்.

எங்க வீட்டுல இப்போதைக்கு வெள்ளையும் நிழல்வலையும் மட்டும்தான் ஆகியிருக்கு. பலகை போடுறதுக்கு அப்பா இன்னும் சம்மதிக்கல. "நீ படிச்ச கணக்கை எழுதிக் காட்டு, பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கார். நாலு வருஷத்துல என் பாடத்துல இருந்து வீட்டுல யாரும் கேட்ட முதல் கேள்வி இது.

இந்த லீவுக்கு ஊருக்குப் போறீங்கல்ல? ராத்திரி பத்து மணிக்கு உங்க வீட்டு மேற்குச் சுவர்ல கை வெச்சுப் பாருங்க. சுட்டா, நோட்டை எடுங்க. அந்தக் கணக்குக்கு ஃபார்முலா உங்களுக்குத் தெரியும்.